நாற்பத்திரண்டு கண்ணாடிகள்

அத்தியாயம் 9

ஆண்டாள் கோயில் கோபுரம் காணாமல் போயிருந்தது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அந்தக் கோபுரம்தான். ஊர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தென்னைகளுக்கு மேல் தலையைக் காட்டிவிடும். வேனின் முன் சீட்டில் இருந்த யோகேஸ்வரி நேராகப் பார்த்தாள். வானம் இருந்தது. தென்னை இருந்தது. கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு மட்டும் இருந்தது.

பார்வையைக் கொஞ்சம் தள்ளி, ரோட்டோரப் பனையின் மேல் வைத்தாள். கோபுரம் ஓரத்தில் வந்து நின்றது. திரும்ப நேரே பார்த்தாள். போய்விட்டது.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஏட்டி, என்ன கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்க?" என்றான் வேனை ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சோலைராஜ்.

"தூசிங்க."

"சன்னல் எல்லாம் ஏத்தித்தான இருக்கு. தூசி எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

பின் சீட்டில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்திருந்த சதீஷ் சிரித்தான். சோலைராஜின் ஒரே தம்பி. "மதினிக்கு இப்பவே எகிப்து மணல் விழுந்துருச்சுண்ணே!"

போன வாரம் நாற்பத்திரண்டு பாஸ்போர்ட்டையும் மஞ்சள் பையில் கட்டி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த சோலைராஜைப் பார்த்தோம். இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சோலைராஜிடம் இரண்டு வேன்கள். அய்யனார் கோவிலுக்கும் குற்றாலத்துக்கும் சபரிமலைக்கும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவன், ஸ்ரீவில்லிபுத்தூர் கிருபாபாய் டீச்சர் போட்ட தூபத்தில் எகிப்துக்கு ஆள் ஏற்றக் கிளம்பிவிட்டான். ஆகஸ்ட் இரண்டாம் தேதி, ஆடி அமாவாசை, அங்கே லக்சர் என்ற ஊரில் பட்டப்பகலில் ஆறு நிமிஷத்துக்கு மேல் சூரியன் முழுசாக மறையப்போகிறது. நம்மூரில் அன்று சாயங்காலம் ஓரத்தில் லேசாக ஒரு கடி, அவ்வளவுதான். முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கடல் தாண்டத்தான் வேண்டும்.

வருகிற வியாழக்கிழமை பயணம். நாற்பத்திரண்டு பேரும் பணம் கட்டிவிட்டார்கள். கிரகணம் முடிந்து இரண்டாம் நாள் ஆண்டாள் தேர். அது நிலைக்கு வருவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் போட்ட நிபந்தனை. குலதெய்வம் கோயிலுக்குப் போகிற வேனே டயர் வெடித்து நிற்கும், இவன் பிளேன் பிடிக்கிறானாம் என்று ராஜபாளையத்தில் சிலர் பேசியதும் உண்மை. பேசிய இரண்டு பேர் இப்போது பட்டியலில் இருக்கிறார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும்.

யோகேஸ்வரிக்கு மட்டும் நேற்றிலிருந்தே இல்லை.

அவளுக்குக் கண்தான் சோறு. பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங் வேலை. விளக்குப் போட்ட கண்ணாடி மேசையின் மேல் துணி ஓடும். ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் மற்றவர்கள் லென்ஸைத் தேடி எடுப்பதற்குள் அவள் விரல் அந்த இடத்தில் போய் நிற்கும். அவள் பார்த்து அனுப்பிய துணி ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. நேற்று மத்தியானம் ஒன்று திரும்பி வந்தது.

கூட வேலை பார்க்கும் கருத்தம்மாதான் கொண்டுவந்து போட்டாள். "ஏக்கா, விரல் நுழையிற அளவுக்கு இழை போயிருக்கு. நீங்களா இதை விட்டீய?"

யோகேஸ்வரி குனிந்து பார்த்தாள். கருத்தம்மா தொட்டுக் காட்டிய இடத்திலும் அவளுக்கு ஓட்டை தெரியவில்லை. அந்தப் பொட்டுதான் தெரிந்தது. அப்போதும் தூசி என்றுதான் சொன்னாள். ராத்திரி முழுக்க, விடிந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விடிந்தது. சரியாகவில்லை.

புருஷனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அவன் பயணத்தையே நிறுத்திவிடுவான். இருபது வருடமாக ஊரையெல்லாம் ஊர் சுற்றிக் காட்டிய மனுஷன், தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே பயணம் இது. அதோடு அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஓட்டை கண்டுபிடிக்கிறவள் கண்ணிலேயே ஓட்டை என்றால் ஊர் சிரிக்காதா?

* * *

கிருபாபாய் டீச்சர் டியூஷன் எடுக்கிற கூடத்தில் கூட்டம். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். டீச்சர் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். 2019 டிசம்பரில் கங்கண கிரகணத்துக்கு ஒற்றை ஆளாகத் திண்டுக்கல் போய் வந்தவர்.

"தொப்பி கட்டாயம். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி. அங்க வெயில் நம்ம அக்கினி நட்சத்திரத்தை விடப் பெரிசு, சொல்லிட்டேன். சீனிச்சாமி அண்ணாச்சி, பிரஷர் மாத்திரை கைப்பையில இருக்கணும், பெட்டியில போட்டுட்டு எங்கிட்ட முழிக்கக் கூடாது."

"சரிங்க டீச்சர்," என்றார் பருத்தி வியாபாரி சீனிச்சாமி, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல.

"கண்ணாடி போட்டுக்கிட்டேதான் சூரியனைப் பாக்கணும். முழுசா மறைஞ்ச பொறவு நான் ஒரு விசில் அடிப்பேன். அப்பத்தான் கழட்டணும். ரெண்டாவது விசிலுக்குத் திரும்ப மாட்டிரணும். அழகா இருக்கேன்னு ஒரு நொடி கூடப் பாத்தீயோ, அப்புறம் ஆயுசுக்கும் நான் பொறுப்பில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். யோகேஸ்வரி சிரிக்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரில் தேதியைப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

சதீஷ் பெட்டியைத் திறந்து கண்ணாடிகளைக் கொடுக்க ஆரம்பித்தான். அட்டைச் சட்டம், வெள்ளி நிறத்தில் பளபளக்கிற பிலிம், பின்பக்கம் 'சோலைராஜ் டிராவல்ஸ்' என்று சிவப்பு எழுத்து. எகிப்துப் பயணத்தை ஏற்பாடு செய்த சென்னை ஏஜென்சி மாதிரிக்கு அனுப்பிய ஒரே ஒரு கண்ணாடியைச் சிவகாசியில் தனக்குத் தெரிந்த பிரஸ்ஸில் கொடுத்து, அவன்தான் செய்து வாங்கிவந்தான். சிவகாசியில் மாதிரி கொடுத்தால் போதும். பெற்ற தாய்க்கே எது மூலம் எது நகல் என்று தெரியாது.

"இதை முதல்ல வீட்டுக்குள்ளயே போட்டுப் பாக்கணும்," என்றார் டீச்சர். "போட்டா ஊரே இருட்டிரணும். கை தெரியக் கூடாது, லைட்டு தெரியக் கூடாது. வெளிய போனா சூரியன் மட்டும் நிலா மாதிரி சாந்தமாத் தெரியணும். இப்பப் பாருங்க."

ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். முகத்தைக் கூடத்தின் ஒரு பக்கமிருந்து மறு பக்கத்துக்குத் திருப்பினார். சன்னல் பக்கம் வந்ததும் நின்றார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணினார். "ஏழு. அந்தச் சன்னலுக்கு ஏழு கம்பி, சரியா?"

"சரிதான் டீச்சர்," என்றான் சோலைராஜ்.

"எனக்கு எப்படித் தெரியுது?"

டீச்சர் தன் பையிலிருந்து திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோன பழைய கண்ணாடியை எடுத்து மாட்டினார்; கம்பிகள் மறைந்தன. கழற்றினார். புதிதில் இன்னொன்றை எடுத்து மாட்டினார். மூன்றாவதையும் மாட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் எறிந்தார்.

"சதீசு, இது என்ன பிலிம்ப்பா?"

"நல்ல பிலிம்தான் டீச்சர். பிரஸ்லயே இருந்துச்சு. பட்டாசுப் பெட்டிக்குச் சுத்துவாங்கள்ல, அதே கம்பெனி..." அவன் குரல் இறங்கியது. "அட்டையில பாருங்க, தர நம்பர் கூட அடிச்சிருக்கு."

"மாதிரியில இருந்த நம்பரை அப்படியே அடிச்சிருக்கான்! நம்பரை அச்சடிச்சா தரம் வந்துருமாய்யா?"

சோலைராஜ் அவசரமாக எழுந்தான். "டீச்சர், ஒண்ணு ரெண்டு கோளாறா இருக்கும். நாங்க சும்மா கொண்டு வரலை. வியாழக்கிழமை எங்க வீட்டு மொட்டைமாடியில வச்சு ஒவ்வொண்ணாச் செக் பண்ணியாச்சு. உச்சி வெயில்ல, சூரியனுக்கு நேராவே பிடிச்சு."

அவன் அதைப் பெருமையாகச் சொன்னான். பாவம், பெருமையாகத்தான் சொன்னான்.

"யாரு செக் பண்ணினது?"

"எங்க வீட்டுல. யோகுதான். நாப்பத்திரண்டையும் அவதான் பாத்தா."

கூடத்தில் அத்தனை தலைகளும் யோகேஸ்வரி பக்கம் திரும்பின. ஒரு முகத்துக்கும் நடு இல்லை. டீச்சர் அவள் முன்னால் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா பாத்தே?"

"துணியைப் பாக்க மாதிரிதான் டீச்சர். ஊசி ஓட்டை இருந்தா வெளிச்சத்துக்கு நேரா வச்சாத்தான தெரியும். ஒரு கண்ணை மூடிக்கிட்டு, ஒரு பக்கத்தை வலது கண்ணால, மறு பக்கத்தை இடது கண்ணால..."

"ஒண்ணுக்கு எம்புட்டு நேரம்?"

"பத்து எண்ணுத நேரம். சந்தேகமா இருந்தா ரெண்டாந்தடவையும் பாத்தேன்."

"கூசலையா?"

"கூசுச்சு. சூரியன்னா கூசத்தான செய்யும்னு இருந்துட்டேன். ஓட்டை இருக்கான்னுதான் டீச்சர் பாத்தேன். இருட்டா இருக்கான்னு பாக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"இப்பக் கண்ணு எப்படி இருக்கு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்வது வழக்கம். அவன் சட்டைக் காலரும் காதும் தெரிந்தன, முகம் தெரியவில்லை. இனிமேல் தூசி என்று சொல்ல முடியாது.

"நடுவுல பொட்டா மறைக்கு டீச்சர். நேத்துல இருந்து."

சோலைராஜ் கையில் இருந்த பயணப் பட்டியல் கீழே விழுந்தது. அதை எடுக்க அவன் குனியவில்லை.

* * *

டீச்சரிடம் படித்த எட்வின் அதே ஊரில் கண் டாக்டராக இருந்தார். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு யோகேஸ்வரியைப் பார்த்தார். கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணுக்குப் புள்ளியும் இல்லை, அதைச் சுற்றிய கோடுகளும் இல்லை. இடது கண்ணுக்கும் நடுவில் சாம்பலாக மறைத்தது, சுற்றியிருந்த கோடுகள் வளைந்து தெரிந்தன. பிறகு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்.

"வலிச்சுதாம்மா?"

"இல்லை சார். வலிச்சிருந்தா அப்பவே விட்டிருப்பேன்."

"வலிக்காது. உள்ள இருக்கிற விழித்திரைக்கு வலிக்கத் தெரியாது. சுட்டுக்கிட்டே இருக்கும், நமக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாள்தான் தெரியும்."

"திரும்பி வருமா சார்?" கேட்டது சோலைராஜ்.

டாக்டர் மெஷினில் எடுத்த படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"நிறையப் பேருக்கு மூணு மாசம், ஆறு மாசத்துல கொஞ்சம் கொஞ்சமாத் தெளியும். சிலருக்கு அந்தப் பொட்டு அப்படியே நின்னுரும். இவங்களுக்கு எப்படின்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. இதுக்குன்னு மருந்து கிடையாது. மருந்து இருக்குன்னு யாராவது சொன்னா அங்க போகாதீங்க. செக்கிங் வேலைக்கு இப்ப வேண்டாம்."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் சோலைராஜ் உடைந்துபோனான். "நான்தானட்டி பாக்கச் சொன்னேன். உன் கண்ணுல பட்டாத்தான் எனக்கு நம்பிக்கைன்னு சொன்னேனே..."

அவளுக்கும் அழுகை வந்தது. அழுதால் கண்ணுக்கு ஆகுமா ஆகாதா என்று டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டோமே என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. அடக்கிக்கொண்டாள். இனி மேசைக்கு முன்னால் போய் நிற்க முடியாது என்பதுதான் திரும்பத் திரும்ப வந்து இடித்தது. எட்டாம் வகுப்போடு நின்றவளை நாலு பேர் மதித்தது அந்தக் கண்ணுக்காகத்தான்.

சதீஷ் எதிரில் வந்து நின்றான். காலையில் இருந்த சிரிப்பின் சுவடுகூட அவனிடம் இல்லை.

"மதினி, என்னைச் செருப்பால அடிங்க. ஆனா இதை இத்தோட முடிச்சிருவோம். நாப்பத்திரண்டையும் டீச்சர் வீட்டுலயே கத்தரிச்சுப் போட்டாச்சு. சென்னையில இருந்து நல்ல கண்ணாடி செவ்வாய்க்கிழமை வந்துரும். வெளியில தெரிஞ்சா அண்ணன் பேரு கெட்டுப்போகும். நம்ம வீட்டுக்குள்ளயே..."

"ஏலே, பேசாம இருலே," என்றான் சோலைராஜ்.

யோகேஸ்வரி மட்டும் தலையைத் தூக்கினாள். பதினோரு வருடம் பழகிய புத்தி கண் போனாலும் எங்கே போகும்? எங்கோ ஓர் இழை விட்டுப்போயிருக்கிறது என்று அதற்குப் பட்டுவிட்டது.

"சதீசு, ஒண்ணு கேக்கேன். அட்டையை வெட்ட டைன்னு ஒரு இரும்பு அச்சு செய்யணும்ல?"

"ஆமா மதினி."

"வெறும் நாப்பத்திரண்டு அட்டைக்கு சிவகாசியில எவன் டை செஞ்சு தருவான்?"

சதீஷ் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"கேக்காள்ல, சொல்லுலே!" சோலைராஜ் எழுந்துவிட்டான்.

"மூவாயிரம் அடிச்சேன்ண்ணே." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நம்மூர்லயும் அன்னிக்குச் சாயங்காலம் லேசாத் தெரியும்ல. உன் பேரைப் போட்டுச் சும்மா குடுத்தா விளம்பரமாச்சேன்னு... உனக்குச் சொல்லாம வச்சிருந்து ஆச்சரியப்படுத்தணும்னு நினைச்சேன்."

"எங்க இருக்கு அம்புட்டும்?"

"ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறுற கூட்டத்துக்குன்னு கூமாப்பட்டிக் கடையில ரெண்டு பெட்டி. அது பிரிக்கலை, காலையிலதான் பேசினேன்."

"மிச்சம்?"

"பள்ளிக்கூடங்களுக்கு. ஆறு பள்ளிக்கூடம். நேத்துக் குடுத்தேன்."

சோலைராஜ் அடிக்கக் கை ஓங்கினான். யோகேஸ்வரி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். அடிக்கிறதற்கு ராத்திரி இருக்கிறது. வெளியே ஜூலை மாதத்துக்குப் பொருந்தாத வெயில். குற்றாலத்தில் சீசன் தொடங்கியும் இந்தப் பக்கம் மலையில் ஒரு மேகம்கூட ஒதுங்கவில்லை.

"எந்தெந்த ஊருன்னு சொல்லு. உன் போனைக் குடு. இல்லை, நீயே போடு. எனக்கு நம்பர் தெரியலை."

முதல் இரண்டு பள்ளிக்கூடங்களிலும் யாரும் எடுக்கவில்லை, சனிக்கிழமை. மூன்றாவதன் பெயரைச் சொல்லும்போது சதீஷ் குரல் கம்மியது. அது தேவதானத்துப் பக்கம். யோகேஸ்வரியின் தங்கச்சி அந்த ஊரில்தான் வாக்கப்பட்டிருந்தாள். தங்கச்சி மகள் மாரிசெல்வி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஆறாம் வகுப்பு.

மணி மூன்றரை. போன் நாலு தடவை அடித்ததும் எடுத்தார்கள்.

"வணக்கம், பாலம்மாள் பேசுறேன். தலைமையாசிரியை."

"டீச்சர், நான் ராஜபாளையத்துல இருந்து யோகேஸ்வரி. நேத்து ஒரு தம்பி கண்ணாடி கொண்டுவந்து..."

"அடடே, மாரிசெல்வியோட பெரியம்மாவா? நீங்க செக் பண்ணி அனுப்பினதுன்னு பிள்ளை பெருமை தாங்கலை போங்க! லீவு நாளுக்கு ஈடா இன்னைக்குப் பள்ளிக்கூடம் வச்சோம். நல்ல வெயிலா இருக்குன்னு, கிரகணத்துக்கு ஒத்திகை பாக்க எல்லாரையும் மைதானத்துல விட்டிருக்கேன்."

"டீச்சர், அதைக் கழட்டச் சொல்லுங்க! உடனே கழட்டச் சொல்லுங்க!"

"என்னம்மா? ஒண்ணும் கேக்கலையே. பிள்ளைங்க ஒரே சத்தம். யாரு கண்ணைச் சிமிட்டாம ரொம்ப நேரம் பாக்காங்கன்னு போட்டி. உங்க பிள்ளைதான் முதல்ல நிக்கா. இருங்க, மைதானத்துக்கே போயி அவகிட்டக் குடுக்கேன், பேசுங்க."

"டீச்சர்! டீச்சர்!"

போனைக் கையில் பிடித்தபடி அந்த அம்மாள் நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. நடக்க நடக்க, அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே குரலில் எண்ணிக்கொண்டிருக்கும் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"எழுபத்தொண்ணு... எழுபத்திரண்டு... எழுபத்திமூணு..."